வட்டத் தொழுவங்களும் அவற்றின் சொந்தக்காரர்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய மேற்குப் பிரதேசத்தில், மக்காச்சோள வயல்களுக்கும் மேய்ச்சல் தரைகளுக்கும் இடையே, சுவரும் கூரையும் வட்டமாகவே அமைந்த பெரிய கட்டிடங்கள் அங்கங்கே காணப்படுகின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அவை பிரமாண்டமான நெற்குதிர்போலத் தோன்றும். உண்மையில் அவை மாட்டுத் தொழுவங்களேயாகும். கறவை மாடுகளையும் வேலைக் குதிரைகளையும் கீழ்த்தளத்திலும், அவற்றுக்குக் குளிர்காலத்தில் வேண்டிய உலர்ந்த புல்லை மேற்பரணிலும் வைத்துக் காப்பதற்காக அவை கட்டப்பட்டன. அவற்றுள் பெரும்பான்மையானவை 1880-ம் வருஷத்துக்கும் 1920-ம் வருஷத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்தவை. அவற்றில் பல இப்பொழுது இல்லை. இருப்பவற்றிலும் பல கூரை ஒழுகி, அஸ்திவாரம் விலகி, விழும் நாளை எதிர்பார்த்து நிற்கின்றன.

இக்கட்டிடங்களைக் குறித்துப் பேசுவோர் இரு திறத்தினர். "பாட்டன் கட்டியதைப் பேரன் பாழாக்குகிறான்" என்று சொந்தக்காரரைக் குறை கூறுவோர் ஒரு சாரார். "உபயோகமற்றது விழுந்தால் என்ன?" என்று கை விரிப்போர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் நியாயமானவையல்ல. வட்டத் தொழுவம் குடியானவனுடைய சொந்த விநோதத்தால் மட்டும் பிறந்ததன்று. சர்க்கார் விவசாய ஆராய்ச்சி நிலையங்கள் கணக்குப் போட்டுக் காட்டி, "இப்படிக் கட்டுங்கள்" என்று எடுத்துரைத்ததன் பேரில் கட்டப்பட்டவை பல. ஆலோசனை கூறியவர்கள் பின்னர் வேறு ஆலோசனைக்குச் சென்றுவிட்டார்கள். கட்டிடமோ குடியானவனுடைய முற்றத்திலேயே நின்றுவிட்டது. ஆதலால் அதன் பாரத்தில் ஒரு பங்கைப் பொதுஜனங்களும் ஏற்கவேண்டும் என்பதும், அவ்வுதவி கட்டிடத்தைத் தொழுவமாகவே வைத்திருக்க உதவுவதாக இருக்கவேண்டும் என்பதும் இவ்வியாசத்தின் கருத்தாகும்.

வட்ட வடிவம் வந்த வழி

அந்நாட்டில் வட்டத்தை ஒத்த பண்ணைக் கட்டிடங்களில் முற்பட்டதும் கீர்த்தி பெற்றதுமான ஒன்று, முதல் ஜனாதிபதியாகிய ஜார்ஜ் வாஷிங்டன் வெர்ஜினியாவிலுள்ள தமது டோக் ரன் பண்ணையில் கட்டுவித்த பதினாறு பட்டைக் களமாகும். 1792-ம் வருஷத்தில் அவர் அதற்குத் திட்டம் வகுத்தார். 1795-ம் வருஷத்துக்குள் அடிமைத் தச்சர்களின் உழைப்பால் அது கட்டி முடிக்கப்பட்டது. மேல்தளத்தில் கோதுமைக் கதிர்களைப் பரப்பி, அவற்றின்மேல் குதிரைகளைச் சுற்றிவரச் செய்து மிதிப்பார்கள். தளப் பலகைகளுக்கிடையே விடப்பட்ட சந்துகளின் வழியாகத் தானியம் கீழறையில் உதிரும். மழையிலும் வெளியாரின் கையிலும் அகப்படாமல் போர் மிதிக்க அது ஏற்ற உபாயமாயிற்று. பழைய கட்டிடம் மறைந்துபோய், அதே அமைப்பில் 1996-ம் வருஷத்தில் மவுண்ட் வெர்னனில் மறுபடியும் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது.

மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஹான்காக் என்னும் இடத்தில், ஷேக்கர்கள் என்ற கிறிஸ்தவ சமயக் கூட்டத்தார் 1826-ம் வருஷத்தில் கல்லினால் முழு வட்டமான தொழுவம் ஒன்றைக் கட்டினார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட பசுக்கள் நடுவை நோக்கித் தலை வைத்து வட்டமாக நிற்கும். புல் வண்டி மேல்தளத்தில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, நடுவிலுள்ள புற்கிடங்கில் பாரத்தை இறக்கிவிட்டு, பின்னுக்குத் தள்ளப்படாமலே புகுந்த வாயிலால் வெளியேறும். 1864-ம் வருஷத்தில் தீப்பிடித்து மரவேலை அழிந்தும், கற்சுவரின்மேல் மீண்டும் கட்டப்பட்டு இன்றும் அது நிற்கிறது. உழைப்பைச் சுருக்கும் நோக்கம் வட்டத்துக்கு உண்டு என்பதைப் பலருக்கு அறிவித்தது இத்தொழுவமே.

எனினும் குடியானவர்களிடையே வட்ட வடிவம் பரவியதற்கு முக்கிய காரணம் விவசாய சாஸ்திரிகளே. விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் விவசாய பௌதிகப் பேராசிரியராக இருந்த எப். ஹெச். கிங் என்பார், 1889-ம் வருஷத்தில் தம் சகோதரருக்காக ஒரு வட்டத் தொழுவத்துக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். அதன் நடுவில் 'ஸைலோ' என்னும் பசுந்தீவனக் கோபுரம் நின்றது. அதைச் சுற்றிக் கறவைகள் கட்டப்பட்டன. நடுவிலிருந்து தீவனத்தை எடுத்து இடுபவன் எந்த மாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே தூரமே நடக்கவேண்டியிருந்தது. மாடுகளுக்குத் தூய காற்றும் தடையின்றிக் கிடைக்கும்படி அவர் வகுத்த காற்றோட்ட முறை பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. பிற்காலத்தில் சீனா, கொரியா, ஜப்பான் தேசங்களுக்குச் சென்று, அங்குள்ளார் மண்வளம் குன்றாமல் பயிரிடும் வகையை ஆராய்ந்து நூல் எழுதியவரும் இவரே.

இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் பால் பண்ணைப் பகுதியை நடத்திய வில்பர் ஜே. பிரேஸர் என்பார் அதற்கும் ஒரு படி மேலே சென்றார். அர்பானாவிலுள்ள சர்வகலாசாலை நிலங்களில் 1907-ம் வருஷத்துக்கும் 1913-ம் வருஷத்துக்கும் இடையே மூன்று வட்டத் தொழுவங்கள் எழுந்தன. அவற்றை மாதிரியாக வைத்து, வட்டப் பால் தொழுவத்தின் சிக்கனத்தைக் குறித்து 143-ம் நெம்பர் பிரசுரம் ஒன்று 1910-ம் வருஷத்தில் ஆராய்ச்சி நிலையத்தால் வெளியிடப்பட்டது. அதைப் படித்தவர்களும், பண்ணைப் பத்திரிகைகளில் அதன் சாரத்தைக் கண்டவர்களும், மாதிரித் தொழுவத்தை நேரில் வந்து பார்த்தவர்களும் ஊருக்குத் திரும்பித் தச்சரை அழைத்தார்கள்.

கணக்குச் சொன்னது யாது?

அக்கணக்கு பொய்க் கணக்கன்று. 60 அடி குறுக்களவுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 188½ அடி. அதன் பரப்பு சுமார் 2,827 சதுர அடி. இரண்டு வரிசை மாடுகளைக் கட்டுவதற்கேற்ற 36 அடி அகலமுள்ள நீள்சதுரத் தொழுவத்தில் அதே பரப்பு வேண்டுமானால் நீளம் 78½ அடி இருக்கவேண்டும். சுற்றுச்சுவர் 229 அடியாகும். அதாவது, அதே அளவு இடத்துக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 22 பங்கு அதிகமான சுவரும் அஸ்திவாரமும் செலவாகும். கூரைக்கும் பரணுக்கும் வேண்டிய மரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், நீள்சதுரத் தொழுவத்துக்குச் சாமான் செலவு நூற்றுக்கு 34 முதல் 58 வரை கூடுதலாகும் என்று பிரேஸர் காட்டினார்.

பலத்திலும் வட்டத்துக்கு மேன்மை கூறப்பட்டது. பீப்பாயின் பலகைகளை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதுபோல், வளைத்து அடித்த பலகைகள் சுவரைச் சுற்றிக் கட்டிப் பிடிக்கும். கைமரங்கள் எல்லாம் உச்சியில் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், கூரைக்கு நடுத்தூண் வேண்டியதில்லை. பரண் முழுதும் தடையின்றிப் புல் நிரப்பலாம். இந்தியானாவில் பென்டன் ஸ்டீல் என்ற கட்டிட நிபுணர் தம் கூட்டாளிகளுடன் இவ்விதத் தூணில்லாக் கூரைக்கு 1905-ம் வருஷத்தில் உரிமைச் சாஸனமும் பெற்றார். விஸ்கான்ஸினில் வெர்னன் கவுண்டி என்னும் ஜில்லாவில், அடிமைத்தளையினின்று தப்பி வந்த நீக்ரோத் தந்தைக்குப் பிறந்த ஆல்கா ஷிவர்ஸ் என்னும் தச்சர், வெள்ளைக்காரக் குடியானவர்களுக்கும் தம் இனத்தாருக்கும் பல வட்டத் தொழுவங்களைக் கட்டிக் கொடுத்தார். இவர்களைப்போன்ற கைவினைஞர் இல்லாதிருந்தால் சாஸ்திரிகளின் படம் காகிதத்திலேயே நின்றிருக்கும்.

கணக்கில் சேராதவை

இவ்வளவு நன்மைகள் இருந்தும், 1920-ம் வருஷத்துக்குப் பின்னர் வட்டத் தொழுவம் கட்டுவோர் அருகிப் போயினர். காரணங்கள் பல.

முதலாவது, மிச்சமானது மரம், அதிகமானது தச்சுக்கூலி. நேரான சுவருக்கு நேரே வாங்கிய பலகை போதும். வட்டச் சுவருக்குப் பலகையை நனைத்து வளைக்கவேண்டும். ஜன்னலையும் கதவையும் வளைவுக்கு இசைக்கவேண்டும். கூரையின் ஒவ்வொரு பலகையையும் சாய்த்து அறுக்கவேண்டும். கைதேர்ந்த தச்சன் கிடைக்கும் ஊரில் அது சிக்கனம். கிடைக்காத ஊரில் அது சிரமம்.

இரண்டாவது, வட்டம் தன்னில் தானே நிறைவு பெற்ற உருவம். நீள்சதுரத் தொழுவத்தில் இருபது மாடுகள் நாற்பதாகப் பெருகினால் ஒரு முனைச் சுவரைப் பெயர்த்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வட்டத்தில் அது ஆகாது. 60 அடியில் கட்டியவன் 60 அடியிலேயே நிற்கவேண்டியதுதான். நடுவிலுள்ள தீவனக் கோபுரத்தையும் பெரிதாக்குவதற்கில்லை.

மூன்றாவது, யந்திரங்கள் வந்தன. பால் கறக்கும் யந்திரம், சாணம் வாரும் யந்திரம், டிராக்டர் ஆகிய இவையெல்லாம் நேர்கோட்டில் செல்ல விரும்புபவை. 1936-ம் வருஷத்துக் கிராம மின்சாரச் சட்டத்துக்குப் பின்னர் மின்சாரம் பண்ணைகளுக்குப் பரவியதும் இம்மாறுதல் விரைந்தது. உதிரியாகப் பரணில் ஏற்றிய புல், யந்திரத்தால் கட்டுக் கட்டாகக் கட்டப்படலாயிற்று. சதுரக் கட்டுக்களை வட்டப் பரணில் அடுக்கினால் ஓரமெல்லாம் வீண். நடுப்பாகத்துக்கு வெளிச்சம் போதாமையும் ஒரு குறையாயிற்று. ஆளின் நடையைச் சுருக்குவதற்காக வகுத்த வடிவம், ஆளுக்குப் பதில் யந்திரம் வந்ததும் தன் முக்கியப் பயனை இழந்தது.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. வட்டம் எல்லாவிடத்தும் தோற்கவில்லை. சதுரக் கோபுரத்தின் மூலைகளில் தீவனம் நெருங்கிப் படியாமல், காற்றுப் புகுந்து கெட்டுவிடும் என்று கண்டு, வட்டக் கோபுரத்தை வற்புறுத்தியவரும் கிங் பேராசிரியரே. அந்த ஆலோசனை நிலைத்தது. தீவனக் கோபுரம் நூறாண்டு கடந்தும் வட்டமாகவே கட்டப்பட்டு வருகிறது. தீவனத்தின் இயல்புக்கு வட்டம் பொருந்தியது. பெருகும் மந்தைக்கும் மாறும் வேலைமுறைக்கும் பொருந்தவில்லை. ஆராய்ச்சி நிலையம் சுவரையும் மரத்தையும் அளந்தது சரியே. முப்பது வருஷத்துக்குப் பின் அந்தக் குடும்பத்தின் மந்தை எவ்வளவாகும் என்பதை அளக்கவில்லை.

சொந்தக்காரரின் நிலைமை

அப்படிக் கட்டப்பட்ட தொழுவத்தை இன்று உடையவர், கட்டியவரின் பேரனாகவோ, நிலத்தைக் கிரயத்துக்கு வாங்கினவராகவோ இருப்பார். பலர் மாடு வளர்ப்பதையே விட்டுவிட்டார்கள். மாடு போன தொழுவத்துக்கு இரு தீங்குகள் நேருகின்றன. ஒன்று, தினமும் உள்ளே செல்பவர் இல்லாமையால், கூரையில் விழுந்த ஒரு சிறு துவாரம் பல மாதம் கண்ணில் படுவதில்லை. மற்றொன்று, கட்டிடத்திலிருந்து வருமானம் இல்லாமையால் அதற்குச் செலவிட மனம் வருவதில்லை.

வட்டக்கூரை செப்பனிடுதற்கு எளிதன்று. மரத்தாலான சிறு ஓடுகளை வளைவுக்கேற்ப வரிசை வரிசையாக அடிக்கவேண்டும். உச்சியிலுள்ள காற்றுக் கூண்டு கூரையோடு சேருமிடத்தில் நீர் இறங்கினால், அது கைமரங்களின் தலைப்பை உளுக்கும். எல்லாக் கைமரங்களும் உச்சியில் ஒன்றையொன்று நம்பி நிற்பவையாதலால், ஒருபுறம் உளுத்தால் மறுபுறமும் இறங்கும். சுவரடியில் நீர் தேங்கினால் அஸ்திவாரத்தின்மேல் படுத்திருக்கும் அடிச்சட்டம் இற்றுப்போகும். பீப்பாய்க்குப் பட்டை அற்றதுபோலச் சுவர் விரியத் தொடங்கும். இவ்வேலையறிந்த தச்சர் அரியர். அவர் கேட்கும் கூலியும் பெரிது. புதிதாக இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றைக் கட்டுவது பல சமயங்களில் இலேசாகப் படுகிறது. இந்நிலையில் உள்ள குடியானவனை அசட்டையுள்ளவன் என்று பழிப்பது தகாது.

உதவி எம்மட்டில் இருக்கிறது?

சரித்திர முக்கியமுள்ள இடங்களுக்கு அந்நாட்டில் தேசியப் பதிவேடு ஒன்று 1966-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டது. இல்லினாய்ஸ் சர்வகலாசாலையின் மூன்று தொழுவங்களும் 1994-ம் வருஷத்தில் அதில் சேர்ந்தன. பதிவேட்டில் சேருவது கௌரவமே. ஆனால் தனிப்பட்டவர் ஒருவர் தம் சொந்தப் பணத்தைக்கொண்டு அக்கட்டிடத்தை இடிக்க விரும்பினாலும் அந்தப் பதிவு அவரைத் தடுப்பதில்லை. கூரை விழுந்தாலும் அது தாங்குவதில்லை. ஓக்லஹோமா மாகாணத்தில் ஆர்க்கேடியா என்னும் ஊரில் வில்லியம் ஓடர் என்பார் 1898-ம் வருஷத்தில் ஓக் மரப்பலகைகளைப் பச்சையாக வளைத்துக் கட்டிய 60 அடி வட்டத் தொழுவம் இதற்குச் சாட்சி. அது 1977-ம் வருஷத்தில் பதிவேட்டில் ஏறியது. 1988-ம் வருஷத்தில் அதன் கூரை இடிந்து விழுந்தது. பின்னர் வேலையினின்று ஓய்வுபெற்ற முதியோர் சிலர் தொண்டர்களாகக் கூடி, தாங்களே மரத்தை வளைத்துக் கூரையேற்றி, 1992-ம் வருஷத்தில் அதைத் திறந்துவைத்தார்கள். பதிவேடு செய்யாததைச் சுத்தியலும் ஏணியும் செய்தன.

இரண்டாவது உதவி வருமானவரிச் சலுகை. பதிவேட்டிலுள்ள கட்டிடம் வருமானம் தருவதாக இருந்து, விதிகளின்படி செப்பனிடப்பட்டால், செலவில் நூற்றுக்கு 20 பங்கு வரியில் கழித்துக்கொள்ளப்படும். விவசாயத்துக்கு உபயோகப்படும் கட்டிடமும் இதில் அடங்கும். ஆயினும் முழுச் செலவையும் சொந்தக்காரர் முன்னதாகச் செய்தாகவேண்டும். அச்செலவு 5,000 டாலருக்கோ, வரிக்கணக்கில் கட்டிடத்துக்கு எஞ்சிநிற்கும் மதிப்புக்கோ, இரண்டில் எது பெரிதோ அதற்கு மேற்பட்டிருக்கவேண்டும். 2017-ம் வருஷத்தில் இயற்றிய சட்டத்தின்படி, அச்சலுகையும் ஐந்து வருஷங்களில் பகுதி பகுதியாகவே கிடைக்கும். வருமானவரி அதிகம் செலுத்துகிற பெரியவருக்கு இது நல்ல உதவி. செலுத்தும் வரியே சொற்பமாகவுள்ள சிறு குடியானவனுக்கு இதனால் ஆவது சொற்பமே. நூறு டாலரில் ஒழுகலை அடைக்க விரும்புபவனுக்கு இச்சட்டத்தில் இடமில்லை. ஒழுகலை வளரவிட்டுப் பல்லாயிரம் செலவிடுபவனுக்கே இடமுண்டு.

மூன்றாவதாகக் கூறத்தக்கது கட்டிட வரி. கிராம உத்தியோகஸ்தர்கள் விசேஷமாகக் கவனிக்கவேண்டியது இதுவே. அந்நாட்டில் நிலத்துக்கு மட்டுமின்றி அதன்மேலுள்ள கட்டிடத்துக்கும் மதிப்பிட்டு வருஷந்தோறும் வரி விதிக்கிறார்கள். ஒருவன் தொழுவத்துக்குப் புதுக்கூரை போட்டால் மதிப்பு உயரும். மதிப்பு உயர்ந்தால் வரி உயரும். கூரையை விழவிட்டால் மதிப்பு குறையும், வரியும் குறையும். காப்பவனுக்கு அபராதமும் கைவிடுபவனுக்குச் சன்மானமும் கொடுப்பது போன்ற இம்முறையில், மதிப்பிடுவோரின் பேனா புயற்காற்றைவிட அதிகச் சேதத்தை விளைவிக்கக்கூடும். இதனை உணர்ந்த அயோவா மாகாணத்தார், 1937-ம் வருஷத்துக்கு முன் கட்டப்பட்டுப் பண்ணை வேலைக்கு உபயோகமாகிவரும் தொழுவத்தைச் செப்பனிடுவதால் கூடும் மதிப்புக்கு வரியில்லை என்று விதித்திருக்கிறார்கள். இந்தியானா மாகாணத்தில் 2014-ம் வருஷத்துச் சட்டம், 1950-ம் வருஷத்துக்கு முற்பட்ட மரபுத் தொழுவங்களின் மதிப்பு முழுவதையும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வரியினின்று நீக்க இடமளித்தது. போலீஸ், தீயணைப்பு முதலிய காவல் செலவுக்காக ஜில்லா சபை விரும்பினால் ஒரு சிறு கட்டணம் மட்டும் வாங்கலாம். இவ்விரண்டு விதிகளாலும் சர்க்கார் பொக்கிஷத்துக்கு நேரும் நஷ்டம் சிறிது; குடியானவன் மனத்துக்கு உண்டாகும் ஊக்கம் பெரிது.

ஆட்சேபங்கள்

"விவசாயம் ஒரு தொழில், பொருட்காட்சிச்சாலையன்று. பயன் தராத கட்டிடத்துக்குப் பொதுப்பணம் ஏன்?" என்று கேட்பார் உளர். இது அலட்சியம் செய்யத்தக்க கேள்வியன்று. எல்லா வட்டத் தொழுவங்களையும் காக்கவேண்டும் என்பது நியாயமாகாது. அடிச்சட்டம் முழுதும் இற்று, உபயோகிப்பாரும் இல்லாத கட்டிடத்தை அளந்து படம் எழுதிவைத்து, நல்ல மரத்தைப் பிரித்து வேறு வேலைக்குக் கொள்வதே விவேகம். ஆனால் பயன் என்பது பால் பண்ணையோடு முடிவதன்று. முப்பது கறவைக்கு வசதியற்றதாகிவிட்ட தொழுவம் கன்றுகளுக்கும் ஆடுகளுக்கும் ஏற்றதே. உலர்ந்த புல்லுக்கும், விதைக்கும், கருவிகளுக்கும் இடமாகலாம். 1987-ம் வருஷத்தில் அந்நாட்டுப் புராதனச் சின்னங்கள் பாதுகாப்பு டிரஸ்டும் விவசாயப் பத்திரிகை ஒன்றும் கூடித் தொடங்கிய 'பார்ன் அகெய்ன்' என்னும் இயக்கம், பழைய தொழுவங்களைப் பண்ணை வேலைக்கே மறுபடி உபயோகிக்கும் வகைகளைக் குடியானவர்களுக்கு எடுத்துக்காட்டியது. பழைய தொழுவத்தைச் செப்பனிட்டு உபயோகிப்பது, புதிய கொட்டகை கட்டுவதைவிட எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது. எப்போதும் விலை கூடியது என்றும் சொல்ல முடியாது. கணக்குப் பாராமல் இடிப்பதே தவறு.

"கல்யாண மண்டபமாகவோ விடுதியாகவோ மாற்றிவிட்டால் வருமானம் வருமே" என்பார் வேறு சிலர். பெரிய ஊருக்கும் ராஜபாட்டைக்கும் அருகிலுள்ளவருக்கு அது இசையலாம். பாட்டையினின்று பல மைல் உள்ளே இருக்கும் குடியானவனுக்கு அது வழியாகாது. மேலும், கூட்டம் கூடும் கட்டிடத்துக்குத் தீப்பாதுகாப்பு, வாகனம் நிறுத்த இடம், கழிப்பிடம் முதலியவற்றுக்கான விதிகள் எல்லாம் வந்து சேரும். முற்றத்தில் மாடும் டிராக்டரும் நடமாடும் பண்ணைக்கு அதனால் உபத்திரவமே மிகும்.

"பொருட்காட்சிச்சாலைக்குக் கொடுத்துவிடலாம்" என்பது மூன்றாவது யோசனை. இந்தியானாவில் புல்டன் ஜில்லாவில், 1924-ம் வருஷத்தில் கட்டிய வட்டத் தொழுவம் ஒன்று 1989-ம் வருஷத்துச் சூறைக்காற்றில் கூரையிழந்தது. சொந்தக்காரர் அதை ஜில்லாச் சரித்திர சங்கத்துக்கு நன்கொடையாக அளித்தார். அது இப்போது பழைய பண்ணைக் கருவிகளைக் காட்டும் இடமாயிருக்கிறது. நல்ல காரியமே. ஆயினும், பொருட்காட்சிச்சாலை ஒன்றிரண்டைத்தான் ஏற்கும். மீதியுள்ளவை குடியானவர்கள் கையிலேயே வாழவேண்டும், அன்றேல் வீழவேண்டும். 2007-ம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பில் முதன்முறையாக இக்கேள்வி கேட்கப்பட்டபோது, 1960-ம் வருஷத்துக்கு முற்பட்ட தொழுவம் தங்களிடம் உண்டென்று ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட பண்ணைக்காரர்கள் பதிலளித்தார்கள். எல்லா வடிவங்களும் சேர்ந்த இத்தொகையில் வட்டமானவை மிகச் சிலவே. பழைய தொழுவங்களின் காவலர் யார் என்பதை இத்தொகை காட்டும். சங்கங்களும் சபைகளுமல்ல, குடியானவர்களே.

செய்யத்தக்கவை

சர்க்காருடைய கடமை மூன்று. முதலாவது, செப்பனிட்டவனுக்கு வரியை உயர்த்தாதிருத்தல். அயோவா செய்ததை மற்ற மாகாணங்களும் செய்வதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. இரண்டாவது, உதவியைச் சிறிதாகவும் சீக்கிரமாகவும் அளித்தல். கூரை ஒழுகல், நீர்வடிகால், அடிச்சட்டம் ஆகிய இம்மூன்றுக்கும் சிறு தொகை தக்க காலத்தில் கிடைக்குமாயின், பின்னால் பெருந்தொகை தேவைப்படாது. வர்ணம் பூசுவதற்கும் பலகை நாட்டுவதற்கும் அளிக்கும் பணத்தைக் கூரைக்குத் திருப்பவேண்டும். மூன்றாவது, கைவினையைக் காத்தல். வட்டத் தொழுவத்தைக் கட்டச்சொல்லிப் பிரசுரம் வெளியிட்ட கலாசாலைகள், அதைச் செப்பனிடும் முறையையும் பிரசுரமாக வெளியிடட்டும். வளைவுத் தச்சுவேலையை இளைஞர் சிலருக்காவது கற்பிக்கட்டும். கட்டும் காலத்தில் நிபுணரை அனுப்பியவர்கள் காக்கும் காலத்திலும் அனுப்புவதே முறை.

சொந்தக்காரருக்கும் கடமை உண்டு. கட்டிடம் தம்முடையதாக இருக்கும்வரையில் முதற்பொறுப்பு தம்முடையதே என்பதை அவர் மறக்கலாகாது. வருஷத்துக்கு இருமுறை, மழைக்கு முன்பும் பனிக்குப் பின்பும், கூரையையும் உச்சிக் கூண்டையும் பார்க்கவேண்டும். கூரையிலிருந்து இறங்கும் நீர் சுவரடியில் நில்லாமல் வெளியே ஓடும்படி தரையைச் சரிக்கவேண்டும். சுவரை ஒட்டி எருவையோ மண்ணையோ குவிக்கலாகாது. புதிய கதவு வேண்டுமென்று சுற்றுப் பலகைகளை நிபுணர் யோசனையின்றி அறுக்கக்கூடாது. அப்பலகைகளே சுவரைக் கட்டிப் பிடிக்கும் பட்டைகள் என்பது நினைவிலிருக்கட்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, ஏதேனும் ஒரு வேலைக்காகத் தினமும் அதனுள் சென்று வருதல். உபயோகத்திலுள்ள தொழுவமே நீடித்து நிற்கும்.

இவ்விஷயம் அயல்நாட்டைப் பற்றியதாயினும், நிலத்தை உடையவருக்கும், வரிக்கணக்கு எழுதும் உத்தியோகஸ்தருக்கும், குடியானவனுக்கு யோசனை கூறும் இலாகாக்களுக்கும் இதில் கவனிக்கத்தக்கது உண்டு. புதிய முறையைச் சிபாரிசு செய்வோர் அதனால் இன்று மிச்சமாவது எவ்வளவு என்பதோடு, மந்தை இரட்டித்தால் என்ன செய்வது, வேலையாள் குறைந்தால் என்ன செய்வது, செப்பனிட யார் உளர் என்பவற்றையும் எழுதவேண்டும். அதை நம்பி முதலிடும் குடியானவரும் இக்கேள்விகளைக் கூசாமல் கேட்கவேண்டும். ஆராய்ச்சி நிலையத்தின் பிரசுரம் அடுத்த பிரசுரம் வந்ததும் அலமாரிக்குச் சென்றுவிடும். அதன்படி குடியானவன் கடன்பட்டுக் கட்டிய சுவரோ நூறு வருஷம் அவன் முற்றத்தில் நிற்கும். அந்நூறு வருஷத்துக்கும் பொறுப்பு அவன் ஒருவனுக்கே என்று விட்டுவிடுவது எந்தச் சர்க்காருக்கும் அழகன்று.